எம்டன் குண்டும் ஜாமீன் கையெழுத்தும் (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

போன வாரம் முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்ட கதையை எழுதியிருந்தீங்க. அதை ராத்திரி சாப்பிடும்போது வீட்ல சத்தமா படிச்சேன், அங்கதான் வினை ஆரம்பிச்சுது. என் பையன் சோழிங்கநல்லூர்ல ஐடில இருக்கான். "இதுக்குத்தான்ப்பா சொல்றேன், நாம அமெரிக்காவோட முழுசா கூட்டணி போட்டுக்கணும், நேட்டோ மாதிரி, ஒருத்தனைத் தொட்டா எல்லாரும் வருவாங்க, சீனாக்காரன் வாலாட்ட மாட்டான்"னு ஆரம்பிச்சான். நான் நேரு, அணிசேராக் கொள்கைன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "உங்க நேரு 62ல என்ன பண்ணார்னு தெரியுமா"ன்னு கேட்டான். எனக்குத் தெரியல. ரசம் ஆறிப்போச்சு, வீட்டம்மா ரெண்டு பேரையும் திட்டிட்டு சீரியலைப் போட்டுட்டாங்க.

நான் ரிட்டயர்ட் ஆளு. வெளிநாட்டுக்காரனோட ராணுவக் கூட்டணி வெச்சுக்கிறது ஒரு நாட்டுக்கு லாபமா, நஷ்டமா? கொஞ்சம் வளவளன்னு இல்லாம சொல்லுங்க. அப்புறம் அந்த எம்டன் கல்வெட்டு சரியா எங்க இருக்கு? பையனைக் கூட்டிட்டுப் போகணும்.

(பேர் போட வேண்டாம்), மடிப்பாக்கம்

-----

சார், வணக்கம்.

வளவளன்னு இல்லாம எழுத எனக்கு வராது, அது தெரிஞ்சும் கேட்டிருக்கீங்க, அனுபவிங்க.

முதல்ல உங்க பையனுக்கு மார்க் போட்டுடறேன். 62 விஷயத்துல அவர் சொல்றது சரிதான். 1962 நவம்பர் 19, சீனப் படை கிழக்குல இறங்கி வந்துக்கிட்டிருக்கு, அன்னைக்கு ஒரே நாள்ல நேரு கென்னடிக்கு ரெண்டு லெட்டர் எழுதினார், 12 ஸ்குவாட்ரன் போர் விமானம் அனுப்புங்க, ரேடார் அனுப்புங்கன்னு. யாரோட அணியிலயும் சேர மாட்டோம்னு உலகத்துக்கே பாடம் எடுத்த மனுஷன் எழுதினது. நாம ரொம்ப நம்பியிருந்த சோவியத்தோ அந்தப் போர் ஆரம்பிச்ச சமயத்துல கியூபா ஏவுகணைத் தகராறுல மாட்டிக்கிட்டு சீனா பக்கம் சாய்ஞ்சு பேசிக்கிட்டிருந்துது. ரெண்டு நாள்ல சீனாவே போரை நிறுத்திட்டுத் திரும்பிடுச்சு, அதனால அந்த லெட்டருக்கு என்ன பதில் வந்திருக்கும்ங்கிற பரீட்சையே நடக்கல. ஆக "தனியாவே நிப்போம்"னு நெஞ்சை நிமித்துறவங்க அந்த லெட்டரை ஒருதடவை படிச்சுட்டு நிமித்தலாம். நானும் காலேஜ் நாள்ல அப்படி நிமித்தினவன்தான்.

ஆனா எம்டனைக் காட்டி "இதுக்குத்தான் கூட்டணி வேணும்"னு அவர் சொன்னாரே, அது அப்படியே தலைகீழ். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணிவாக்குல அந்தக் கப்பல் சுமார் 130 குண்டு போட்டுது, பர்மா ஆயில் கம்பெனி டாங்கு பத்திக்கிட்டு எரிஞ்சுது, அஞ்சு பேராவது செத்தாங்க, ஊரே மூட்டை கட்டிக்கிட்டு ரயிலேறுச்சு. சரி, ஜெர்மன்காரனுக்கும் நம்ம ராயபுரத்துக்காரனுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு? ஒண்ணுமில்ல. பெல்ஜியத்தை யாரும் தொடக்கூடாதுன்னு 1839ல லண்டன்ல ஒரு ஒப்பந்தம், பிரிட்டனும் அதுல கையெழுத்து. 75 வருஷம் கழிச்சு ஜெர்மனி பெல்ஜியத்துக்குள்ள நுழைஞ்சுது, பிரிட்டன் அந்தக் கையெழுத்தைக் காட்டிப் போர்னு சொல்லுச்சு, பிரிட்டன் போனா இந்தியாவும் போனதா கணக்கு, நம்ம கிட்ட யாரும் கேக்கல. (1939லயும் கேக்கலைன்னுதான் இங்க ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணுச்சு.) பிரிட்டனுக்கு வேற கணக்கும் இருந்துது, இல்லேங்கல. ஆனா காகிதம் அதுதான்.

எனக்கு இதைப் படிக்கறப்பல்லாம் எங்க அப்பா ஞாபகம்தான் வரும். அப்பா வேலை பாத்த ஆபீஸ்ல கூட்டுறவு சொசைட்டி லோன் வேணும்னா ரெண்டு பேர் ஜாமீன் போடணும். பக்கத்து சீட்டுக்காரருக்கு அப்பா போட்டார். அந்த ஆளு ஒருநாள் வேலையையும் விட்டுட்டு ஊரையும் விட்டுட்டுப் போயிட்டார். அடுத்த மாசத்துலேர்ந்து அப்பா சம்பளத்துல பிடிச்சாங்க, நாலு வருஷம். மாசம் ஒண்ணாம் தேதி அந்தப் பழுப்புக் கலர் ஸ்லிப்பை அம்மா ட்யூப்லைட் கீழ பிடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம அரிசி டப்பா மேல வெப்பாங்க, அந்த பேசாததுதான் வீட்ல பெரிய சத்தம். ரொம்ப நாள் அப்பாவை ஏமாளின்னு நெனச்சிருந்தேன். பெரியவனானப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடியே அந்த ஆளும் அப்பாவுக்கு ஜாமீன் போட்டிருக்கார், அந்த லோன்லதான் எங்க அக்கா கல்யாணமே நடந்துது. அவர் கையெழுத்து இல்லாம அக்கா கழுத்துல தாலி இல்ல. இப்ப சொல்லுங்க, எங்கப்பா போட்டது லாபமா நஷ்டமா?

அதனால லாபமா நஷ்டமான்னு மொத்தமா கேட்டா எனக்கு பதில் கிடையாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கையெழுத்துப் போடும்போது ரெண்டு பேரும் மனசுல யாரை நெனச்சுப் போட்டாங்க?

பக்கத்து வீட்டையே எடுங்க. பாகிஸ்தான் 1954ல அமெரிக்காவோட ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டுது, அதே வருஷம் செப்டம்பர்ல மணிலாவுல சீட்டோங்கிற தென்கிழக்காசிய ராணுவக் கூட்டணி, அடுத்த வருஷம் மேற்காசியாவுக்கு அதே மாதிரி பாக்தாத் ஒப்பந்தம். அந்த வட்டாரத்துலயே அமெரிக்காவுக்கு இவ்வளவு நெருக்கமான ஆள் வேற யாருன்னு பேச்சு. ஆனா பாகிஸ்தான் நெனச்சது இந்தியாவை, அமெரிக்கா நெனச்சது கம்யூனிஸ்டை. அமெரிக்கா இதை மறைக்கவும் இல்ல சார், கம்யூனிஸ்ட் நாடு அடிச்சாத்தான் எங்க கடமை, மத்ததுக்கு பேசிப் பாப்போம்னு சீட்டோ ஒப்பந்தத்துலயே எழுதி வெச்சுதான் கையெழுத்துப் போட்டாங்க. 1960 மே 1 பெஷாவர்லேர்ந்து கிளம்பின யூ-2 உளவு விமானத்தை சோவியத் சுட்டுத் தள்ளிடுச்சு. விமானம் அமெரிக்காவோடது, ஓட்டினவர் அமெரிக்கர், மிரட்டல் வாங்கினது பாகிஸ்தான், பெஷாவரை மேப்ல சிவப்பு வட்டம் போட்டு வெச்சிருக்கோம்னு சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொன்னார். சரி, இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டாங்களே, 65 போர்ல அமெரிக்கா வந்துச்சா? ரெண்டு பேருக்கும் ஆயுதம் கிடையாதுன்னு கதவைச் சாத்துச்சு. பேருக்குத்தான் ரெண்டு பேருக்கும். அமெரிக்கச் சரக்கை வெச்சே ராணுவம் நடத்தினது பாகிஸ்தான், ஸ்பேர் பார்ட்ஸ் நின்னா அடி அவங்களுக்குத்தான். 71ல நாடே ரெண்டானப்பவும் சீட்டோ அசையல, அடுத்த வருஷம் பாகிஸ்தான் அதுலேர்ந்து விலகறதா அறிவிச்சுடுச்சு.

பாகிஸ்தான்காரனைப் பாத்து சிரிச்சுட்டுப் போயிட முடியாது, ஏன்னா அதே 71ல நாமளும் ஒரு கையெழுத்துப் போட்டோம். ஆகஸ்ட் 9, டெல்லி, சோவியத் ஒப்பந்தம், 20 வருஷத்துக்கு. அணிசேரா நாடு அணி சேர்ந்துடுச்சேன்னு கிண்டல் பண்ணாங்க. ஆனா அன்னைக்கு ரெண்டு பேருக்கும் கவலை ஒண்ணுதான், பாகிஸ்தானுக்குப் பின்னாடி சீனாவும் அமெரிக்காவும் கைகோத்து வந்துடுமோன்னு. டிசம்பர்ல அமெரிக்கா எண்டர்பிரைஸ்ங்கிற விமானந்தாங்கிக் கப்பலை நம்ம வங்காள விரிகுடாவுக்கே அனுப்புச்சு, சோவியத் கப்பல் பின்னாலயே வந்துது, பாதுகாப்பு சபைல வீட்டோ போட்டுப் போட்டு நேரம் வாங்கிக் குடுத்தாங்க, 16ம் தேதி டாக்கா விழுந்துது. வேலை செஞ்ச கூட்டணின்னா இதுதான். ஆனா சொசைட்டி இங்கயும் பிடிச்சுது. ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை நுழைஞ்சுது, 1980 ஜனவரில ஐநா பொதுச்சபைல கண்டனத் தீர்மானம் வந்தப்ப நாம ஓட்டுப் போடாம நழுவிட்டோம். காலனிக்காரனைக் கேள்வி கேட்டே பேர் வாங்கின நாடு வாயை மூடிக்கிட்டு உக்காந்துது. இன்னைக்கும் எஸ்-400ங்கிற ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணைக்கு 2018ல ஒப்பந்தம் போட்டுட்டு, உக்ரைன் போர் வந்ததும் டெலிவரி தள்ளிப்போய் காத்துக்கிட்டு இருந்தோமே, அதெல்லாம் அந்தப் பழைய பழக்கத்தோட வட்டிதான்.

இன்னொண்ணு, இதை எழுதலாமான்னு கொஞ்சம் யோசிச்சேன். வெளிநாட்டு ராணுவம்னா எப்பவும் வேற எவனோன்னு நெனைக்கிறோம். 1987 ஜூலைக்கப்புறம் இலங்கைல அந்த வெளிநாட்டு ராணுவம் நாமதான். இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் ராஜீவும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஜெயவர்தனேவுக்குத் தெற்குல ஜேவிபிங்கிற சிங்களக் கிளர்ச்சிக்காரங்க தலைவலி, தன்னோட பட்டாளத்தை அங்க திருப்பணும். ராஜீவுக்கு திருகோணமலைல வேற எந்த நாடும் கால் வெக்கக்கூடாது. தமிழனோட கணக்கு ரெண்டு பேர் மனசுலயும் எத்தனாவது இடம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ரெண்டு வருஷத்துல அடுத்து வந்த அதிபர் பிரேமதாசாவே "கிளம்புங்க"ன்னுட்டார், அவரும் புலிகளும் பேசிக்கிட்டிருந்தாங்க. சுமார் 1,200 இந்திய சிப்பாய்கள் செத்துப் போயிட்டாங்க, அங்க நம்ம ஜனங்க எத்தனை பேருன்னு எழுத கை வரல. 1990 மார்ச்ல படை திரும்பி மெட்ராஸ் ஹார்பர்ல வந்து இறங்குச்சு, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகல. போயிருக்கணும்னு ஒரு கட்சி, போகாததுதான் சரின்னு ஒரு கட்சி, இந்த ஊர் டீக்கடைல இன்னைக்குப் பேசினாலும் டம்ளர் உடையும். சிப்பாய் என்ன பண்ணுவான் பாவம், அவனா கையெழுத்துப் போட்டான்.

இப்ப பையனோட நேட்டோவுக்கு வரேன். "ஒருத்தனைத் தொட்டா எல்லாரும் வருவாங்க"ன்னு சொல்ற அந்த அஞ்சாவது பிரிவை எடுத்துப் படிக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம்னு படற நடவடிக்கையை எடுக்கும்னுதான் இருக்கு. படை அனுப்புறதும் நடவடிக்கைதான், போர்வை அனுப்புறதும் நடவடிக்கைதான். இத்தனை வருஷத்துல அதை ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்காங்க, 2001 செப்டம்பர்ல, அதுவும் அமெரிக்காவுக்காக.

பிலிப்பைன்ஸைச் சொல்லலேன்னா பையன் என்னை விட மாட்டார். 1991ல அவங்க செனட் 12க்கு 11னு ஓட்டுப் போட்டு அமெரிக்கத் தளம் வேண்டாம்னுட்டாங்க, அடுத்த வருஷம் சூபிக் விரிகுடா தளத்தை அமெரிக்காக்காரன் காலி பண்ணிட்டான், 1995ல அவங்க உரிமை கொண்டாடற மிஸ்சீஃப் பவளத்திட்டுல சீனா வந்து கொட்டாய் போட்டுடுச்சு. பாத்தியா போலீஸ்காரன் போனதும் திருடன் வந்துட்டான்னு சொல்லலாம். ஆனா அமெரிக்காவோட போட்ட 1951 பாதுகாப்பு ஒப்பந்தம் உயிரோடதானே இருந்துது, 2012ல ஸ்கார்பரோ திட்டை சீனா வளைச்சப்ப அது என்ன பண்ணிக்கிட்டிருந்துது? அந்தப் பாறைக்காக ஒரு பெரிய போரா இறங்கறதுன்னு அமெரிக்கா கணக்குப் போட்டுது, போடத்தான் செய்யும், அது அவன் நாட்டுப் பிள்ளைங்க. இப்ப மறுபடி அமெரிக்காவுக்கு ஒன்பது தளத்துல இடம் குடுத்திருக்காங்க, கூடவே நம்ம கிட்ட பிரமோஸ் ஏவுகணையும் வாங்கியிருக்காங்க. ஒரே ஆளை நம்பினா போதாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடுச்சு.

நம்ம கதைல பேரு ஒண்ணு, இடம் வேற. அமெரிக்காவுக்கும் சீனாதான், நமக்கும் சீனாதான், ஆனா அவன் சீனான்னு சொல்லும்போது தைவானும் தென்சீனக் கடலும் கண்ணுல தெரியுது, நாம சொல்லும்போது 3,488 கிலோமீட்டர் மலை தெரியுது. 2020ல லடாக் பக்கம் கல்வான்ல சீனப் படையோட நடந்த மோதல்ல நம்ம சிப்பாய்கள் 20 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் நம்ம ராமநாதபுரத்துக்காரர். நாளைக்கு தைவான்ல ஒண்ணு நடந்தா அதுக்காக லடாக்ல நாம அடி வாங்கத் தயாரா? லடாக்ல ஒண்ணு நடந்தா அயோவாலேர்ந்து ஒரு அம்மா பிள்ளையை அனுப்புவாளா? ரெண்டுக்கும் எனக்குத் தோணற பதில் ஒண்ணுதான். கூட்டாளின்னா கருணை காட்டுவான்னும் இல்ல, 2025 ஆகஸ்ட்ல ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25 சதவீதம் சேர்த்து நமக்கு அமெரிக்கா மொத்தம் 50 சதவீத வரி போட்டுது, திருப்பூர்ல பனியன் ஆர்டர் நின்னுது. முழு ஒப்பந்தக் கூட்டாளி ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் வரி போட்டாங்க, நம்மளவிடக் கம்மி, அவ்வளவுதான்.

அதுக்காக ஒண்ணுமே வேண்டாம்னு நான் சொல்லல. 2016லேர்ந்து 2020க்குள்ள அமெரிக்காவோட மூணு ஒப்பந்தம் போட்டிருக்கோம், கப்பலுக்கு எண்ணெய், ரகசியத் தகவல் தொடர்பு, மேப்பு சமாச்சாரம், எதுலயும் "உனக்காகச் சண்டை போடுவேன்"ங்கிற வரி கிடையாது. கல்வானுக்கப்புறம் ரெண்டு அமெரிக்க ட்ரோனை லீசுக்கு எடுத்து நம்ம அரக்கோணத்துலேர்ந்துதான் கடற்படை பறக்க விட்டுது (அதுல ஒண்ணு 2024ல சென்னைக்கிட்ட கடல்ல விழுந்துது, அது வேற கதை). 2022 ஆகஸ்ட்ல அமெரிக்கக் கடற்படையோட சார்லஸ் ட்ரூங்கிற சரக்குக் கப்பல் எண்ணூருக்கு அந்தாண்ட காட்டுப்பள்ளிக்கு ரிப்பேருக்கு வந்துது, அவங்க கப்பல் இந்தியாவுல ரிப்பேருக்கு நின்னது அதுதான் முதல் தடவை. நம்ம ஆளுங்க வெல்டிங் வெச்சாங்க, காசு வாங்கினாங்க, கப்பல் போயிடுச்சு. இந்த மாதிரி எத்தனை வேணா செய்யலாம், கணக்கு அன்னைக்கே முடிஞ்சுடுது. ஜாமீன் காகிதம் மட்டும் வேண்டாம்ங்கிறேன், இப்போதைக்கு. ஒருநாள் வேற வழியில்லாம போட வேண்டி வரலாம், 71ல வந்த மாதிரி. அன்னைக்கு 20 வருஷம்னு தேதி போட்டமே, அந்த மாதிரி தேதி போட்டுத்தான் போடணும்.

அப்புறம், கல்வெட்டு. ஹைகோர்ட் காம்பவுண்டு கிழக்குப் பக்க மதில்ல இருக்கு. பீச் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்து ரோட்டோர பிளாட்பாரத்துலயே நடந்து வாங்க, மதிலைப் பாத்துக்கிட்டே வரணும், இல்லேன்னா தாண்டிப் போயிடுவீங்க, சின்னதுதான். ஞாயித்துக்கிழமை காலைல போங்க, கூட்டம் இருக்காது. வெயிலுக்கு முன்னாடி திரும்பிடலாம்.