ஆறு நாளில் ராஜஸ்தானின் அரண்மனை, கோட்டை, கோயில் மூன்றையும் பார்க்க எந்த வழியாகப் போகலாம்?

ஜெய்ப்பூரில் தொடங்கி ஜோத்பூர், ராணக்பூர் வழியாக உதய்பூரில் முடியுங்கள். அங்கேயும் விமான நிலையம் இருப்பதால் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

ஜெய்ப்பூருக்கு இரண்டு நாள். வெயில் ஏறுவதற்குள் ஆம்பர் கோட்டை. 1799இல் கட்டிய ஹவா மஹால் அரண்மனையை எதிர்த் தெருவிலிருந்து பார்த்தாலே பாதி பார்த்த மாதிரிதான்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டைக்கு மட்டும் அரை நாளாவது ஒதுக்குங்கள். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நடந்தே ஏறுங்கள். ‘லோஹா போல்’ என்கிற இரும்பு வாசலுக்கு முன்னால் பாதை சட்டென்று திரும்பும். யானை ஓடிவந்து கதவை முட்ட வேகம் கிடைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கதவிலும் கூரான இரும்பு முட்கள். பக்கச் சுவரில் சின்னச் சின்னக் கை அச்சுகள் தெரியும். உடன்கட்டை ஏறிய ராணிகளுடையவை. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் கால் நகரவில்லை.

அப்புறம், உதய்பூர் போகும் வழியில் 1,444 தூண்கள் கொண்ட ராணக்பூர் சமணக் கோயில். காலை நேரம் பூஜைக்கு என்பதால், சுற்றுலா வருபவர்களை நண்பகலுக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே ஜோத்பூரில் நிதானமாகவே கிளம்பலாம். கோயிலுக்குள் தோல் பொருள் கூடாது; தோல் பெல்ட், பர்ஸ் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

உதய்பூரில் ஏரிக்கரை அரண்மனை போதும். மே மாத வெயிலில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.