ஆர்க்டிக்கில் இன்னும் ஏன் ட்வின் ஓட்டர் மாதிரி பழைய விமானங்களையே வாடகைக்கு எடுக்கிறார்கள்? ஹெலிகாப்டர் போதாதா?

நான் விமானி இல்லை. கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவுக்கு இரண்டு கோடைகள் ஒரு நிலவியல் குழுவின் உதவியாளாகப் போயிருக்கிறேன். அங்கே மூட்டை தூக்கியவனின் பதில் இது.

பழைய விமானம் என்பது சரிதான். ட்வின் ஓட்டர் என்ற இந்த இரட்டை எஞ்சின் சிறு விமானம் முதலில் பறந்தது 1965இல். 1988இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அதன் வேலையைச் செய்ய வேறு ஒன்று வரவில்லை. கடைசியில் வைக்கிங் ஏர் நிறுவனம் 2010இலிருந்து அதே விமானத்தைப் புது எஞ்சினும் புதுக் கருவிகளும் வைத்து மறுபடி செய்து கொடுக்க ஆரம்பித்தது.

காரணம் இறக்கையில் இருக்கிறது. இறங்கும்போது பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப் என்ற மடிப்புகள் கீழே மடங்குவதோடு, விமானத்தைச் சாய்க்க உதவும் ஓரத்து எய்லரான் என்ற மடிப்புகளும் சேர்ந்து கொஞ்சம் தாழும். அதனால் மிக மெதுவாகப் பறந்தாலும் விழாது. முழுச் சுமையோடு 400 மீட்டருக்குள் கிளம்பி 15 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிடும். தரையைத் தொட்டதும் ப்ரொப்பெல்லரை எதிர்ப்பக்கம் தள்ள வைத்து நிறுத்துவார்கள். கோடையில் பெரிய, காற்றுக் குறைவான டயர், வசந்தத்தில் பனியில் சறுக்கும் ஸ்கீ. அப்புறம் எரிபொருள். பழைய பீவர் போன்ற பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டிய பெட்ரோல் வடக்கே கிடைப்பது கஷ்டம். ட்வின் ஓட்டரின் டர்பைன் குடிப்பது ஜெட் எரிபொருள். அது வடக்கு ஊர்களில் இருக்கும்.

ஹெலிகாப்டரும் வரும். ஆனால் சிறிய ஹெலிகாப்டர் கொஞ்சம்தான் சுமக்கும், தூரமும் போகாது. அது வழியில் நிரப்பிக்கொள்ள வேண்டிய டிரம்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பதே பெரும்பாலும் ட்வின் ஓட்டர்தான்!

இதெல்லாம் எங்கும் படிக்கலாம். போன பிறகுதான் எனக்குப் புரிந்தது வேறு: அங்கே எல்லாக் கணக்கும் கிலோவில் நடக்கிறது. விமானத்தின் மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானமே சுமார் 3,400 கிலோ. இரண்டு விமானிகள், அவசரகாலச் சாமான்கள், அப்புறம் மணிக்கு ஒன்றரை டிரம்முக்கு (ஒரு டிரம் சுமார் 200 லிட்டர்) மேல் போகும் எரிபொருள். நாங்கள் கிளம்பும் ரெசலூட் ஊரிலிருந்து எல்ஸ்மியரில் இருக்கும் யுரேகா வானிலை நிலையத்துக்கே 600 கிலோமீட்டருக்கு மேல். மிச்சம் இருப்பதில்தான் நாங்கள், கூடாரம், ஒரு மாதச் சாப்பாடு, துப்பாக்கி (துருவக் கரடி உண்டு). ரெசலூட்டில் எங்களையும் தராசில் ஏற்றினார்கள். நான் சொன்ன எடையும் தராசு சொன்னதும் ஒத்துப்போகவில்லை. விமானி சிரிக்கக்கூட இல்லை, எழுதிக்கொண்டார்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஓடுதளம் என்று எதுவும் கிடையாது. ஆற்றங்கரை மேட்டில் ஒரு சரளைப் பரப்பு, அவ்வளவுதான். விமானி இரண்டு முறை மேலே வட்டமடித்துப் பார்த்தார். மூன்றாவது முறை சக்கரங்களைத் தரையில் லேசாக உரசிவிட்டு, நிற்காமல் மேலே எழும்பிவிட்டார். ஏதோ கோளாறு என்று என் கை இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் தன் டயர் தடத்தைப் பார்க்கத்தான் திரும்பினாராம். அங்கே அடியில் நிலம் உறைந்தே இருக்கும், மேலே ஒரு முழம் மட்டும் கோடையில் இளகிச் சேறாகும். தடம் ஆழமாக இருந்தால் இறங்குவதில்லை. கடல் பனியில் ஸ்கீயோடு இறங்குபவர்களும் இதையே செய்வார்களாம். தடம் கறுத்தால் கீழே தண்ணீர்.

சரி, இறங்கியாயிற்று. திரும்பிப் போவது? ட்வின் ஓட்டர் கிளம்பவே முடியாத இடத்தில்கூட இறங்கிவிடும், அதுதான் ஆபத்து என்று துணை விமானி சொன்னார். நான்கு வாரம் கழித்து எங்களை அழைத்துப் போக வந்தபோது சாப்பாடு தீர்ந்திருந்தது, ஆனால் பெட்டி பெட்டியாகப் பாறை மாதிரிகள் சேர்ந்திருந்தன. காற்றே இல்லாத நாள் வேறு. எதிர்காற்று இருந்தால் ஓட வேண்டிய தூரம் குறையும். விமானி அந்தச் சரளையை முழுக்க நடந்து பார்த்தார். குதிகாலால் அங்கங்கே குத்தினார். நாங்கள் பெரிய கற்களைப் பொறுக்கி ஓரம் போட்டோம். கடைசியில் இரண்டு நடை என்று முடிவானது. பாதிச் சுமையோடு அரை மணி பறந்து யுரேகாவின் நீண்ட ஓடுதளத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மீதியை எடுத்தார். இரண்டாவது நடைக்கும் பணம் எங்கள் கணக்கில்தான்.

வாடகை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பறக்கும் மணிக்குத்தான் கட்டணம், உங்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் மணிக்கும் சேர்த்து. அதனால் ஒரு குழுவை இறக்கிவிட்டுத் திரும்பும் விமானத்தில் இன்னொரு குழுவை ஏற்றிவிடப் பார்ப்பார்கள். மூடுபனி வந்துவிட்டால் அந்தத் திட்டம் முழுக்கச் சரியும். நாங்கள் ஒருமுறை மூன்று நாள் மூட்டை கட்டியபடியே உட்கார்ந்திருந்தோம். தினமும் காலையில் ரேடியோவில் மேக உயரத்தைச் சொல்வது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கேட்டுக்கொள்வது.

அடுத்த கோடையில் ஒவ்வொரு பாறையையும் எடுத்த இடத்திலேயே சுத்தியலால் உடைத்து, கைப்பிடியளவுதான் பையில் போட்டேன். ரெசலூட்டில் தராசில் ஏறும்போது எடையைச் சரியாகவும் சொன்னேன்.