சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜி என்ன செய்தார்?

"ராஜாஜி சேலத்துக்கு மேயராக இருந்தாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேயர் என்று சொல்ல முடியாது. சேலம் மாநகராட்சியானது 1994இல்தான். அவர் வகித்தது நகராட்சித் தலைவர் பதவி, 1917 முதல் 1919 வரை.

1878இல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, நல்ல பெயரும் வருமானமும் பெற்றார். 1911இல் நகராட்சி உறுப்பினரானார்.

அவர் தலைவராக இருந்த காலத்தில் என் மனதில் நிற்பது குழாய்த் தண்ணீர் விவகாரம்தான். அக்ரகாரத்துக் குடிநீர்க் குழாய் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தொழிலாளி போகக்கூடாது என்று அங்கிருந்தவர்கள் கொதித்தார்கள். சொந்தச் சாதிக்காரர்களின் கோபம் அது. இருந்தும் ராஜாஜி இறங்கி வரவில்லை. அந்த நாளில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஏறக்குறைய அதே காலத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவர் யார் தெரியுமா? பெரியார். இருவரின் நட்பும் அந்தக் காலத்தில் வளர்ந்ததுதான். பின்னாளில் அரசியலில் எதிரெதிரே நின்றபோதும் அது முறியவில்லை.

பிறகு ராஜாஜி காந்தியின் பின்னால் போய் வக்கீல் தொழிலையே விட்டார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் (முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர்) மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1948இல் கவர்னர் ஜெனரல், 1952இல் முதலமைச்சர் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே.