ஆளுக்கொரு டப்பா வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது, மகனுக்கு 13. குமுளி மருந்துக்கடையில் ஆளுக்கொரு மல்டிவைட்டமின் டப்பா காட்டுகிறார்கள். தனித்தனியாக வாங்க வேண்டுமா?
– வாசகி, கம்பம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பெரிய வித்தியாசம் இரும்புச்சத்தில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி இந்த வயதில் பெண்ணுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம், பையனுக்கு 22. மகள் வெளிறி, சோர்ந்து தெரிந்தால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், ரத்தசோகை இருந்தால் மல்டிவைட்டமினில் உள்ள இரும்பு போதாது, டாக்டர்தான் மாத்திரை எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, படிப்பது அங்கே என்றால் இருவரும் சாப்பிட்ட பிறகு தவறாமல் போடட்டும். சாப்பாட்டோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடிக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டே, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். இரும்பு உடம்பில் சேர நெல்லிக்காய் கொடுங்கள். அப்புறம், ஏ, டி வைட்டமின்கள் உடம்பிலேயே தங்கும், இரண்டு டப்பாவைச் சேர்த்து ஒரே பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.