மெயில் மக்கர் செய்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் மெயில் பற்றியவை. எந்தச் சிக்கலாக இருந்தாலும், அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் குரோம் போன்ற பிரௌசரில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கணக்கில் கோளாறு இல்லை, உங்கள் கம்ப்யூட்டரிலோ போனிலோதான். அங்கேயும் தகராறு என்றால் அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவதில் பயனில்லை.

கேள்வி: அச்சகத்து ஜிமெயிலைப் பழைய அவுட்லுக்கில் வைத்திருக்கிறோம். போன வாரம் பாஸ்வேர்டை மாற்றினோம். அன்றிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது. சரியாகத்தான் அடிக்கிறோம். குரோமில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. – அச்சக உரிமையாளர், சிவகாசி

நீங்கள் அடிப்பது சரியான பாஸ்வேர்டுதான், ஆனால் அவுட்லுக்குக்குத் தேவை அது இல்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. அதன் பிறகும் பழைய அவுட்லுக் ஓடிக்கொண்டிருந்தது என்றால், யாரோ அதற்கு 'ஆப் பாஸ்வேர்டு', அதாவது அந்த ஒரு மென்பொருளுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டு, போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றியதும் அதன் கீழ் இருந்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் தாமாக ரத்தாகிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

கூகுள் கணக்கின் பக்கத்துக்குப் போய் 'செக்யூரிட்டி' பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு கிடைக்காது. அதே பக்கத்தின் தேடல் பெட்டியில் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, 'பில்லிங் கம்ப்யூட்டர்' என்பது போல அடையாளம் தெரிகிற ஒரு பெயர் கொடுங்கள். 16 எழுத்துகள் வரும். ஒரே முறைதான் காட்டும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினாலும் இடைவெளி இல்லாமல் அடிக்கலாம்.

அடுத்து விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, அங்கே பழைய மெயில் பாஸ்வேர்டு தங்கியிருந்தால் நீக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் புதியதைப் போட்ட பிறகும் பெட்டி வந்துகொண்டிருக்கும். பிறகு அவுட்லுக்கில் 16 எழுத்துகளைப் போடுங்கள். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் அனுப்பும் சர்வரைப் பாருங்கள். வரவுக்கு ஐமேப், போர்ட் 993, அனுப்ப எஸ்.எம்.டி.பி., அதில் குறியாக்க முறை எஸ்.எஸ்.எல். என்றால் போர்ட் 465, ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்றால் 587. 'அனுப்பும் சர்வருக்கும் அங்கீகாரம் தேவை' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். யூசர்நேமில் முழு மெயில் முகவரி வர வேண்டும்.

மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனி ஆப் பாஸ்வேர்டு போடுங்கள். ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் ரத்து செய்யலாம். தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பாடே வேண்டாம். 'அங்கீகார முறை' என்ற இடத்தில் ஓஆத்2 தேர்ந்தெடுத்தால் கூகுளின் உள்நுழைவு ஜன்னல் நேராக வரும். அதை வரவு சர்வருக்கு மாற்றிவிட்டு, அனுப்பும் சர்வருக்கு மாற்ற மறப்பவர்கள் ஏராளம். தண்டர்பேர்டில் குக்கீகளைத் தடை செய்திருந்தாலும் அந்த ஜன்னல் சுற்றிச் சுற்றி நிற்கும்.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயிலை அமைத்த பிறகு, போனில் பழைய மெயில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வைரஸா? – ஆடிட்டர் அலுவலக ஊழியர், தஞ்சாவூர்

வைரஸ் இல்லை, பாப். கணக்கை அமைத்தவர் ஐமேப்புக்குப் பதில் பாப் முறையைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும். எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும். பாப் மெயிலைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சர்வரில் இருப்பதை அழித்துவிடும். அவுட்லுக்கில் பெரும்பாலும் '14 நாளுக்குப் பின் நீக்கு' என்ற டிக் இருக்கும். அதனால்தான் ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

முதலில் ரத்தம் நிற்கட்டும். அக்கவுன்ட் செட்டிங்ஸ், மோர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் 'சர்வரில் ஒரு பிரதி வை' என்பதை டிக் செய்து, 14 நாள் டிக்கை எடுங்கள். மெயில்கள் தொலையவில்லை. அந்த ஒரு கம்ப்யூட்டரில், 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் பி.எஸ்.டி. கோப்பாக இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஆகவே அவுட்லுக்கை மூடிவிட்டு அந்தக் கோப்பை உடனே பென்டிரைவில் நகல் எடுங்கள். திறந்திருக்கும்போது நகல் எடுக்க விடாது.

மெயில்களைச் சர்வருக்குத் திருப்ப, அதே கணக்கை அதே அவுட்லுக்கில் ஐமேப் முறையில் இன்னொரு முறை சேருங்கள். இடப்பக்கம் இரண்டு இன்பாக்ஸ் தெரியும். பாப் இன்பாக்ஸில் இருப்பவற்றைச் சில நூறு சில நூறாகத் தேர்ந்தெடுத்து ஐமேப் பக்கம் நகலெடுங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் இணைப்பு அறுந்து, எது போனது எது நின்றது என்று தெரியாமல் விழிக்க நேரும். பிரௌசரில் எல்லாம் வந்துவிட்டதை எண்ணிப் பார்த்த பிறகு பாப் கணக்கை நீக்குங்கள். பி.எஸ்.டி. நகலை மட்டும் வீசிவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு உறவினர்களின் பழைய தமிழ் மெயில்கள் சில புரியாத எழுத்தாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா? – வாசகி, யாழ்ப்பாணம்

எப்படிப் புரியவில்லை என்பதைப் பொறுத்தது. எழுத்துகளை உற்றுப் பாருங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று ஒரே ஜோடி மறுபடி மறுபடி வந்தால் நல்ல சேதி. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் மெயில் பத்திரமாக இருக்கிறது. யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றுதான். மென்பொருள் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகக் காட்டுவதால்தான் அந்த ஜோடி ஓயாமல் வருகிறது. தண்டர்பேர்டில் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்துங்கள். பழைய அவுட்லுக்கில் மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து, ஆக்‌ஷன்ஸ், அதர் ஆக்‌ஷன்ஸ், என்கோடிங் என்று போய் யூனிகோடு யு.டி.எஃப்.-8 தேர்ந்தெடுக்கலாம். ஜிமெயில் பக்கத்தில் இந்த வசதி இல்லை. 'ஷோ ஒரிஜினல்' வழியாக மெயிலை இறக்கி, தண்டர்பேர்டில் திறக்க வேண்டும்.

'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' போன்ற சாதாரண ஆங்கில எழுத்துகளாக இருந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இந்த ஐந்தும் சேர்ந்தால் பாமினியில் 'தமிழ்' என்ற சொல். எழுத்துகளை அப்படியே நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி எதிலாவது ஒட்டினால் படிக்கலாம். பாதி எழுத்து சரியாகவும் பாதி கோணலாகவும் வந்தால் மூலம் பாமினி இல்லை, வேறு எழுத்துரு. டிஸ்கி, டாப் என்று மாற்றி முயலுங்கள்.

வெறும் கட்டங்கள் என்றால் உங்கள் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவே. வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால்தான் கைவிட வேண்டும். அனுப்பும்போதோ வழியிலோ எழுத்துகள் அழிந்துவிட்டன. உறவினரின் 'சென்ட்' பெட்டியில் இருந்தால் அதை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அவுட்லுக்கில் ஒரு மெயில் இரண்டு நாளாக அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. – வாசகர், ஈரோடு

மேலே 'வொர்க் ஆஃப்லைன்' அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவுட்பாக்ஸில் அந்த மெயிலின் தலைப்பு சாய்வெழுத்தில் இருக்கிறதா? காத்திருக்கும் மெயில் சாய்வெழுத்தில் இருக்கும். 'போச்சா இல்லையா' என்று நீங்களே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் சாய்வு போய்விடும், மெயிலும் கிளம்பாது. திறந்து மறுபடி 'சென்ட்' அழுத்துங்கள். மெயிலோடு சேர்த்த கோப்பு பெரிதாக இருந்தாலும் நிற்கும். கோப்புகள் மெயிலில் போகும்போது மூன்று பைட் நான்காக மாற்றி எழுதப்படுவதால் 18 எம்.பி. கோப்பு 24 எம்.பி. ஆகிவிடும். ஜிமெயிலின் வரம்பே 25 எம்.பி.தான். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

கேள்வி: கடைக் கம்ப்யூட்டரில் தினமும் காலையில் 'சான்றிதழ் செல்லாது' என்று மெயில் எச்சரிக்கிறது. – மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

தினமும் காலையில் என்று எழுதியதே விடையைச் சொல்கிறது. வலது மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும். சர்வர் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்கி, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி மாட்டி, தேதியைச் சரி செய்யுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அதன் மெயில் ஸ்கேன் வசதியை நிறுத்திப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் 'யெஸ்' அழுத்தாதீர்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவரின் ரயில் டிக்கெட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் என் ஜிமெயிலுக்கு வருகின்றன. முகவரியில் இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கிறது. – வாசகர், மதுரை

ஜிமெயிலுக்குப் புள்ளி கண்ணில் படாது. எங்கே எத்தனை வைத்தாலும் ஒரே முகவரிதான், அதாவது உங்களுடையது. அந்த நபர் தன் முகவரியைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகும் நம் ஊரில் இது சகஜம். உங்கள் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. பேங்கின் கஸ்டமர் கேருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த மெயில்களில் வரும் 'பாஸ்வேர்டை மாற்று', 'கார்டு விவரத்தைப் புதுப்பி' லிங்க்குகளை மட்டும் தொடாதீர்கள். உங்கள் முகவரியில் புள்ளி வைத்துக் கணக்கு தொடங்கி, உங்கள் கார்டில் பணம் கட்ட வைக்கும் ஏமாற்றும் உண்டு. அலுவலகங்கள் சொந்த டொமைனில் நடத்தும் கூகுள் கணக்குகளில் புள்ளிக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: போன் தொலைந்துவிட்டது. ஜிமெயில் அந்த எண்ணுக்குத்தான் உள்ளே நுழைவதற்கான கோடு (ரகசிய எண்) அனுப்புகிறது. இணையத்தில் தேடியபோது ஒரு கஸ்டமர் கேர் எண் கிடைத்தது. கூப்பிடலாமா? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கூப்பிடாதீர்கள். இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத் தர கூகுள் போன் சேவை எதுவும் நடத்தவில்லை. அப்படிக் கிடைக்கும் எண்கள் மோசடி.

வேறு லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோ கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா? அதிலிருந்து லாக்-அவுட் செய்துவிடாதீர்கள். அங்கிருந்தே போன் எண்ணை மாற்ற முயலுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைத்தபோது பேக்கப் கோடுகளை அச்சிட்டோ படமெடுத்தோ வைத்திருந்தால், அந்த 8 இலக்க எண்களில் ஒன்று போதும். ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

இரண்டும் இல்லையென்றால் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். தடைபட்டிருக்கும், கோடு வராது. பதறிப்போய்த் திரும்பத் திரும்ப முயலாமல் மறுநாள் பாருங்கள். சிம் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இணைப்பு ரத்தான எண் 90 நாளுக்குப் பின் வேறு ஒருவருக்குப் போகலாம். எண் கிடைக்கவே வழியில்லை என்றால் கூகுளின் மீட்புப் படிவம்தான். அதை பிரௌசிங் சென்டரில் நிரப்பாமல், நீங்கள் வழக்கமாக ஜிமெயில் பார்த்த கம்ப்யூட்டரில், வழக்கமான வைஃபையில் நிரப்புங்கள். பழகிய கருவியும் பழகிய இடமும் கூகுள் பார்க்கும் சான்றுகள். நினைவில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்டால், உறுதியில்லாவிட்டாலும் காலியாக விடாமல் எழுதுங்கள்.