வாசகர் கேள்வி பதில்: இருட்டில் எரியும் கண்

கேள்வி: அமெரிக்காவில் ‘மொத்மேன்’ என்ற இறக்கை மனிதன் வந்துதான் பாலம் இடிந்ததாமே? சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பக்கமும் சிவப்புக் கண் தெரியுது என்று மகன் பயப்படுகிறான்.
– வாசகி, உப்புவெளி

பதில்: ஊர், மேற்கு வேர்ஜினியாவின் பொயின்ட் பிளெசன்ட். 1966 நவம்பர் 15 இரவு, கைவிடப்பட்ட போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கம் காரில் போன இரண்டு இளம் சோடிகள், ஆளைவிட உயரமான, இறக்கையுள்ள ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். உள்ளூர்ப் பத்திரிகை முதலில் ‘ஆளளவு பறவை’ என்றுதான் போட்டது. ‘மொத்’, அதாவது அந்துப்பூச்சி, என்ற பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கார் வெளிச்சம் பட்டபோதுதான் கண் சிவந்தது என்பதைக் கவனியுங்கள். விலங்கின் கண் தானாக எரியாது, வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பும். நம் திருகோணமலைக் கோட்டை வாசலடியில் இரவில் மேயும் மானிடம் பாருங்கள். 20 மீற்றர் தள்ளி நின்று டோர்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்தால் மானின் கண் பளிச்சிடும். டோர்ச்சை மகனிடம் கொடுத்து நாலு எட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள்: உங்களுக்கு அணைந்துவிடும், அவனுக்கு எரியும். மானுக்கு வெளிர்நிறம், அமெரிக்காவின் பார்ட் ஆந்தைக்குச் சிவப்பு.

உயரமா? இருட்டில் தூரம் பிடிபடாது. 10 மீற்றரில் இருக்கும் அரை மீற்றர் ஆந்தையை 40 மீற்றரில் இருப்பதாக மனம் எடுத்தால், அது 2 மீற்றர் ஆளாகிவிடும். அன்றைக்கே ஒரு பல்கலைக்கழக உயிரியலாளர், வழிதவறிய சாண்ட்ஹில் கொக்கு என்றார். கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல் அதற்கு உண்டுதான். எனக்கென்னவோ ஆந்தைதான் பொருந்துகிறது.

பாலம் விழுந்தது 1967 டிசம்பர் 15, பதின்மூன்று மாதம் கழித்து. 46 பேர் இறந்தார்கள். 1928இல் கட்டிய அந்தச் சில்வர் பாலம் தொங்கியது இரும்புச் சட்டங்களால் ஆன சங்கிலியில். சட்டங்களின் முனைத் துளைகளில் ஊசி போன்ற உலோகத் தண்டைச் செருகி இணைத்திருந்தார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே சட்டம். ஒன்றின் துளையோரத்தில் சுமார் 2.5 மில்லிமீற்றர் ஆழ வெடிப்பு. அது முறிந்ததும் மற்றது ஊசியைவிட்டு நழுவ, தொங்கிய பாலம் முழுக்கச் சரிந்தது. கழற்றாமல் அந்த வெடிப்பைப் பார்த்திருக்கவே முடியாது. சாவு விழுந்த பிறகு சாக்குருவி கத்தியது ஞாபகம் வருமே, அந்தக் கணக்குத்தான்.

கேள்வி: இப்போதும் அங்கே பயப்படுகிறார்களா?
– வாசகர், கிண்ணியா

பதில்: 2003இல் ஊர் நடுவில் மொத்மேனுக்கு 12 அடி உலோகச் சிலை வைத்தார்கள். வருடாவருடம் செப்டெம்பரில் திருவிழா.