போஸ்ட்பேக் கேள்வி பதில்: "எது பெஸ்ட்"னு மட்டும் கேக்காதீங்க

நான் நியூஜெர்சில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு ஆறு வருஷம் டெஸ்டிங்ல குப்பை கொட்டிட்டு 29 வயசுல போஸ்ட்பேக் (டிகிரி முடிச்சவங்க மெடிக்கல் காலேஜுக்கு தயாராகப் படிக்கிற படிப்பு) சேந்து, இப்ப ஃபேமிலி மெடிசின் டாக்டர். இன்னைக்கு லீவு, கேளுங்க.

எடிசன்வாசி: அக்கா, நான் அக்கவுண்டிங், 4க்கு ஜிபிஏ 3.7, காலேஜ்ல சயின்ஸ் பக்கமே போனதில்ல. பிரின்மார், கௌச்சர், கொலம்பியா, எது?

உங்களுக்கு தேவை கேரியர் சேஞ்சர் ப்ரோக்ராம். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாம் லேபோட முடிக்கணும், பயோகெமிஸ்ட்ரியும் சேத்துக்கோங்க, 2015ல இருந்து எம்கேட்ல (மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வு) சைக்காலஜி சோஷியாலஜியும் வருது. பிரின்மார், கௌச்சர் ரெண்டும் சின்ன கும்பல், கோடைல ஆரம்பிச்சு ஒரே வருஷத்துல புழிஞ்சு எடுத்துடுவாங்க, வேலைய விட்டுட்டுத்தான் போகணும். கொலம்பியா 1955ல இருந்து நடத்துறாங்க, பெரிய கூட்டம், பொதுவா ரெண்டு வருஷம் இழுக்கும், நியூயார்க் வாடகை வேற. லிங்கேஜ்னு ஒண்ணு இருக்கு, ஒப்பந்தம் போட்ட மெடிக்கல் காலேஜுக்கு சீக்கிரமே அப்ளை பண்ணி, நடுவுல ஒரு வருஷம் சும்மா காத்திருக்காம நேரா போயிடலாம், ஆனா சீட் குடுத்தா அங்கதான் போகணும், வேற எடத்துல பேரம் பேச முடியாது.

எல்லாரும் கவனிங்க, இத நான் திரும்ப திரும்ப சொல்லுவேன். "எங்க பசங்கள்ல 90 சதவீதம் டாக்டர் சீட்"னு போட்டிருந்தா, எத்தனை பேர்லனு கேளுங்க. 100 பேர் சேந்தாங்க, 40 பேர் பாதில ஓடிட்டாங்க, மிச்சம் 60ல 30 பேருக்குத்தான் கமிட்டி லெட்டர், அதாவது காலேஜோட சிபாரிசு கடிதம், குடுத்தாங்க, அதுல 27 பேருக்கு சீட்னு வச்சுக்கோங்க. 27க்கு கீழ 30 போட்டா 90, 100 போட்டா 27. ப்ரோஷர்ல எதைப் போடுவாங்கனு உங்களுக்கே தெரியும்.

டாலஸ் அப்பா: மேடம், பையன் பயாலஜி முடிச்சிட்டான், ஜிபிஏ 3.0. அவனுக்கும் கௌச்சர் போடலாமா?

வேண்டாம் சார், அது சயின்ஸ் படிக்காதவங்களுக்கு. கணக்கு பாருங்க, 120 கிரெடிட்ல 3.0 வச்சிருக்கான், இன்னும் 30 கிரெடிட் முழுக்க ஏ வாங்கினாலும் 3.2தான் வரும். அப்பவும் போஸ்ட்பேக்ல எடுக்குற அண்டர்கிராட் கோர்ஸ் அந்த ஜிபிஏவோட சேரும். ஜார்ஜ்டவுன் மாதிரி எடத்துல இருக்கிற ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்ல வாங்குற மார்க் தனியா நிக்கும், பழைய 3.0 அசையாது, ஆனா மெடிக்கல் ஸ்டூடண்ட் படிக்கிற பாடத்தையே படிச்சு காட்டலாம். அங்க சொதப்புனா மட்டும் அப்புறம் மீட்க கஷ்டம். எதுல சேந்தாலும் ஒண்ணு, கோர்ஸ பாதில விட்டு டபிள்யூ வாங்கினா வாங்கட்டும், சி வாங்க விடாதீங்க. நான் ஃபுல் டைம் வேலையோட ஆர்கானிக் எடுத்து சி வாங்கினேன், திரும்ப எடுத்து ஏ வாங்கினேன், ஆம்காஸ் (மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷன வாங்குற பொது அமைப்பு) ரெண்டையும் சேத்தே கணக்கு போட்டுச்சு.

கோவைப்பொண்ணு: அக்கா, கோயம்புத்தூர்ல பி.டெக், இப்ப ஹெச்4 (வேலை விசாக்காரரோட குடும்பத்துக்கான விசா), நான் போஸ்ட்பேக் சேரலாமா?

முதல்ல கிரீன் கார்ட் விஷயம் பாரும்மா. ஹெச்4ல படிக்கலாம், ஆனா நிறைய மெடிக்கல் காலேஜ் சிட்டிசன், கிரீன் கார்ட் இல்லாதவங்கள எடுக்குறதில்ல, ஃபெடரல் லோனும் கிடையாது. நம்ம ஊர் மார்க்க ஆம்காஸ் ஜிபிஏல சேக்காது, பல காலேஜ் 90 கிரெடிட் இங்கயே படிச்சிருக்கணும்னு கேக்கும். போஸ்ட்பேக்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி போக நினைக்கிற பத்து காலேஜோட ரூல படி.

மதுரைக்காரன்: எம்பிபிஎஸ் முடிச்சிட்டேன், போஸ்ட்பேக் தேவையா?

தேவையே இல்ல தம்பி, யுஎஸ்எம்எல்இ எழுதுங்க, அதான் இங்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சை.

ஹூஸ்டன் தம்பி: ஜிபிஏ 3.1, எந்த ப்ரோக்ராம் பெஸ்ட்?

டாலஸ் சாருக்கு சொன்னத படிங்க.

பேஏரியா: ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்தா காசு மிச்சம்தானே?

பேர் போன யுனிவர்சிட்டில எடுக்குறதுதான் சேஃப்.

ஆரஞ்சு கவுண்டி: அக்கா இது ஒத்துக்க முடியாது. நான் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் கம்யூனிட்டி காலேஜ்லதான் எடுத்தேன், இன்னைக்கு மெடிக்கல் ஸ்கூல் மூணாவது வருஷம். அறுபதாயிரம் டாலர் இருக்கிறவங்களுக்கு மட்டும் அட்வைஸ் பண்றீங்க.

எடிசன்வாசி: நீங்க கலிஃபோர்னியா, அங்க அது சகஜம். ஈஸ்ட் கோஸ்ட்ல மூஞ்ச சுளிப்பாங்க.

ஆரஞ்சு கவுண்டி: யாரு சுளிச்சா? ஒரு காலேஜ் பேர் சொல்லுங்க.

டாலஸ் அப்பா: சார் சண்டை வேண்டாம், என் பையனுக்கு எது?

சரி, நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன், ஆரஞ்சு கவுண்டி கேட்டது நியாயம். முதல் தடவையா எடுக்குறவங்க, குழந்தை குடும்பம் வேலைனு இருக்கிறவங்க கம்யூனிட்டி காலேஜ்ல ஆரம்பிக்கலாம், பயோகெமிஸ்ட்ரி மாதிரி மேல் வகுப்பு பாடத்த நாலு வருஷ காலேஜ்ல எடுத்து ஏ வாங்கி காட்டிடுங்க. ஆனா யுனிவர்சிட்டில சி வாங்கிட்டு அதே பாடத்த கம்யூனிட்டி காலேஜ்ல போய் திரும்ப எடுக்காதீங்க, சுலபமான எடம் தேடி ஓடின மாதிரி தெரியும். டாலஸ் சார், உங்க பையன் சி வாங்கியிருந்தா அவனுக்கும் இதேதான். ஒரு சில காலேஜ் கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டே ஏத்துக்காது, அவங்கவங்க சைட்ல பாருங்க. ஃபெடரல் லோன் பத்தியும் சொல்லிடுறேன், இந்த மாதிரி தயாரிப்பு படிப்புக்கு தொடர்ச்சியா 12 மாசத்துக்குத்தான் குடுப்பாங்க, ரெண்டு வருஷ ப்ரோக்ராம்னா மிச்சத்துக்கு கைக்காசு.

அட்லாண்டா: ஜிபிஏ 3.2, எது பெஸ்ட்?

ஐயோ சாமி.

எடிசன்வாசி: அக்கா, ஒரு ப்ரோக்ராமுக்கு இப்பதான் போன் போட்டேன். எத்தனை பேர் சேந்து எத்தனை பேர் முடிச்சாங்கன்னேன், அந்த கணக்கெல்லாம் நாங்க வைக்கிறதில்லங்கிறாங்க.

சதவீதம் மட்டும் எப்படி வந்துச்சாம்? லிஸ்ட்ல அடிச்சிட்டு அடுத்த எடத்துக்கு போன் போடுங்க.